இடது கால் தராதவள்

நாவற்கொல்லையின் பெரிய தெருவில் பாதங்கள் ஆளில்லாமல் நடக்கத் தொடங்கியது பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் கதையை அங்கிருந்து தொடங்கினால் அது வெறும் வேடிக்கையாகப் போய்விடும், ஆகவே அதற்குப் பதினாறு மாதம் முந்திய கார்த்திகை மழையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மழையில் செங்கல் சூளையில் கல் அறுக்கிற இருசாயியின் அம்மா பொன்னாயி செத்துப்போனாள். காலனிக்காரர்களின் பிணம் பெரிய தெருவில் போகக் கூடாது என்பது நாவற்கொல்லையில் யாரும் எழுதி வைக்காத, ஆனால் யாரும் மறந்துபோகாத சட்டம். தெரு வழியாகப் போனால் சுடுகாடு முந்நூறு தப்படி. தெருவை விட்டால் வாய்க்காலில் இறங்கி, அக்கரை ஏறி, வரப்பு வரப்பாகச் சுற்றி, மறுபடியும் வாய்க்காலில் இறங்கிப் போக வேண்டும். அன்றைக்கு வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர் ஓடியது. பாடையைத் தூக்கிய நாலு பேரில் ஒருவனுக்குச் சேற்றில் கால் வழுக்க, பாடை கவிழ்ந்து, பொன்னாயி மாலையோடும் மஞ்சளோடும் தண்ணீரில் போனாள். இருசாயியின் அப்பா சடையன், எழுபது வயது மனிதர், கரையிலேயே பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடி, மதகுப் பலகையில் முட்டி நின்றவளைக் குதித்துப் பிடித்தார்.

எல்லாம் முடிந்து தலைமுழுகிவிட்டு வந்து உட்கார்ந்தவர், மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“ஆத்தா, என்னய இந்த வழியா எடுத்துட்டுப் போவாத. நேர் தெருவுல எடுத்துட்டுப் போ. விடமாட்டேன்னாங்கன்னா வீட்டுலயே வச்சுக்க. தண்ணிக்குள்ள மட்டும் எறக்காத.”

“சரிப்பா,” என்றாள் இருசாயி.

ஒற்றைப் பிள்ளை, நாற்பத்திரண்டு வயது, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அப்பனோடு வந்து இருப்பவள். அவள் ஒரு சொல் சொன்னால் சூளையில் வெந்த கல்லைப் போலத்தான், அப்புறம் எந்த மழைக்கும் கரையாது.

அந்தக் கார்த்திகைக்குப் பிறகு காலனிப் பையன்கள் மனுக் கொடுத்தார்கள், பெரிய தெருக்காரர்கள் எதிர்மனுக் கொடுத்தார்கள், ஒரு தைப்பூசத்தன்று கல் பறந்தது, இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது, வழக்குப் பதிவானது. தாலுகா ஆபீசில் மூன்று முறை சமாதானக் கூட்டம் போட்டு, மூன்று முறையும் டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள். தாசில்தாருக்குத் தூக்கம் போயிற்று. அந்த நேரம் பார்த்துத்தான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, மெட்ராஸிலிருந்து ஜெபராஜ் என்ற கலைஞர் வந்து சேர்ந்தார்.

ஜெபராஜ் சண்டைகளைக் கலையாக்குகிறவர். எங்கே இரண்டு கூட்டம் முகம் பார்க்காமல் இருக்கிறதோ அங்கே போய், இரண்டு கூட்டத்தையும் சேர்த்து ஏதாவது ஒன்றைச் செய்ய வைத்து, அதைக் கண்காட்சிக்கும் அனுப்புவார். தாடி வைத்திருந்தாலும் நல்ல மனிதர். நாவற்கொல்லைக்கு அவர் யோசித்து வைத்திருந்தது இதுதான்: ஊரும் காலனியும் ஆளுக்கு ஒரு பாதத்தை ஈர மண்ணில் பதித்துக் கொடுக்க வேண்டும், அதை ஓடாகச் சுட்டுப் பெரிய தெருவின் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பதிக்க வேண்டும், நடக்கக் கூடாத தெருவில் எல்லார் காலடியும் ஒன்றாகக் கிடக்கும். கலை என்றால் யாருக்கும் கெடுதல் இல்லையே என்று தாசில்தார் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார்.

பெரிய தெருவில் வாயும் வசதியும் உள்ளவர் ரைஸ் மில் அம்பலவாணன். ஊரில் எல்லாருக்கும் மில்லுக்காரர். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. மாட்டேன் என்பதை வேறு விதமாகச் சொன்னார்.

“கால் பதிக்கிறதுல ஒண்ணும் இல்ல. ஆனா ஒரே தெருவுல ரெண்டு பேரு காலும் கெடக்கணும்னா, சோத்தாங்கால் எங்களுது. அவங்க பீச்சாங்காலைக் கொடுக்கட்டும். மண்ணும் தனித்தனியாக் கொழைக்கணும்.”

ஜெபராஜ் இரண்டு நாள் யோசித்தார். ஒன்றுமே நடக்காமல் போவதற்கு இதாவது நடக்கட்டும் என்று மூன்றாம் நாள் ஒத்துக்கொண்டார். காலனியில் பையன்கள் குதித்தார்கள். அவர்களை அடக்கியது சடையன்தான்.

“எந்தக் காலா இருந்தா என்னடா? அந்தத் தெருவுல பதியுதுல்ல,” என்றார். முதல் ஆளாகப் போய்த் தன் இடது காலை மண்ணில் வைத்தார்.

மண் மிதித்தது இருசாயி. நாவற்கொல்லை மண்ணைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. எத்தனை பங்கு களி, எத்தனை பங்கு மணல், எப்போது தண்ணீர், எப்போது உமி என்பதையெல்லாம் அவள் கால்விரலே சொல்லும். பதினோரு நாள், முழங்கால்வரை மண்ணில் நின்று, இரண்டு காலாலும் மிதித்துக் கொடுத்தாள். ஊருக்குத் தனி மண், காலனிக்குத் தனி மண் என்று ஜெபராஜ் அவளிடம் சொல்லத்தான் செய்தார். அவள் ஒரே குழியில் மிதித்து, இரண்டு தொட்டியில் அள்ளிப் போட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கடைசி நாள் ஜெபராஜ் ஒரு பலகையில் ஈர மண்ணைத் தட்டிக்கொண்டு அவளிடம் வந்தார்.

“அக்கா, உங்க கால் ஒண்ணுதான் பாக்கி.”

“எந்தக் காலு தம்பி?”

அவர் பலகையின் ஓரத்து மண்ணை விரலால் வழித்தார்.

“எனக்கு ரெண்டு காலு இருக்கு. பதினோரு நாளா ரெண்டும் உங்க மண்ணுலதான் கெடக்குது. சோத்தாங்காலைக் கேளுங்க, தர்றேன். பீச்சாங்காலு மட்டும்னா, என் காலே வேணாம்.”

“சமரசம்னா கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தானே ஆகணும்க்கா?”

“எப்பவும் நாங்களே விட்டுக்கொடுத்தா அதுக்குப் பேரு சமரசம் இல்ல தம்பி, பழக்கம்.”

ஜெபராஜ் பலகையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று டீக்கடை கலியன் பிற்பாடு சொன்னான்.

ஆக ஐம்பத்தொன்பது வலது கால்களும் ஐம்பத்தொன்பது இடது கால்களும், ஓட்டுக்கு ஒன்றாக, வலது ஓடுகள் ஒரு வரிசையும் இடது ஓடுகள் ஒரு வரிசையுமாக, நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தெருவில் பதிந்தன. தாசில்தார் ரிப்பன் வெட்டினார், ஜெபராஜ் இரண்டு நிமிஷம் பேசினார், பஞ்சாயத்தில் மிக்சரும் காபியும் கொடுத்தார்கள். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் டீக்கடையைத் திறந்த கலியன், கடை வாசலில் கிடந்த தன் ஓட்டைப் பார்த்தான். ஓடு மொழுக்கென்று இருந்தது. தெரு நெடுகப் பார்த்தான், நூற்றுப் பதினெட்டு ஓடும் மொழுக்கென்றுதான் இருந்தன. பாதங்கள் இறங்கிப் போயிருந்தன.

எங்கே போயின என்பதைக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. சிமெண்டுத் தரையில், மண்தரையில், கோயில் கல்தளத்தில் எங்கும் கட்டைவிரல் ஆழத்துக்குக் குழியாக அவை நின்றன. அவை நகர்ந்ததும் பழைய குழி மூடி, தரை தரையாகிவிட்டது. நகர்வதை யாரும் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கும், கண்ணைக் கொட்டினால் ஒரு அடி போயிருக்கும். ஒற்றைக் காலால் நடக்க முடியாது என்பது பாதங்களுக்கும் பொருந்தும் அல்லவா? வலது கால் நடக்க ஓர் இடது கால் வேண்டும், இடது கால் நடக்க ஒரு வலது கால் வேண்டும், வலதெல்லாம் பெரிய தெருக்காரர்களுடையது, இடதெல்லாம் காலனிக்காரர்களுடையது. அதனால் அவை ஊருக்கு ஒன்று காலனிக்கு ஒன்று என்று ஜோடி சேர்ந்துதான் நடந்தன. யார் காலோடு யார் கால் என்பதை யாரையும் கேட்கவில்லை. கலியனின் கால் மேளக்காரன் தொப்புளானின் காலோடு சேர்ந்தது. மில்லுக்காரரின் வலது கால் சடையனின் இடது காலோடு சேர்ந்தது.

முதல் வாரம் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது, இரண்டாம் வாரம் குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டிவந்தார்கள், மூன்றாம் வாரம் எல்லாருக்கும் வேலை இருந்தது. பங்குனி போய்ச் சித்திரை வருவதற்குள், மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பதுபோல், காலையில் எழுந்ததும் தன் கால் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. தெரு கூட்டுகிறவர்கள் பாதங்களைச் சுற்றிக் கூட்டினார்கள். கோலம் போடும் பெண்கள் இரண்டு புள்ளியை விட்டுவிட்டு வளைத்துப் போட்டார்கள். பாதத்தின் மேல் மிதித்தால் பாவம் என்று யாரோ சொல்ல, நடக்கும்போது குனிந்து பார்த்து நடக்கும் பழக்கம் வந்து, அதனால் ஊரில் நெஞ்சை நிமிர்த்தி நடப்பது குறைந்துபோனது. சித்திரை மழையில் குழிகளில் தண்ணீர் நின்று, தவிட்டுக்குருவிகள் குடித்துவிட்டுப் போயின. டிவிக்காரர்கள் வந்து மூன்று நாள் கேமராவை நட்டு வைத்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் பாதம் நகராது என்பதால் மூன்று நாளும் ஒன்றும் கிடைக்காமல், கலியன் கடையில் வடை தின்ற கணக்கை மட்டும் விட்டுப் போனார்கள். தாசில்தார் பாதங்களின் தற்போதைய இருப்பிடம் பற்றி மூன்று பிரதியில் அறிக்கை கேட்டார். அறிக்கை எழுதி முடிப்பதற்குள் இருப்பிடம் மாறிவிட்டது.

ஜெபராஜுக்குத்தான் சங்கடம். கண்காட்சிக்கு அனுப்ப வேண்டியவை மொழுக்கென்று கிடந்தன. அவர் தெருவிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன பத்து வெற்று ஓடுகளை வரிசையாக அடுக்கிக் காட்டியபோது, நகரத்தில் வந்து பார்த்தவர்கள் எவ்வளவு ஆழம் என்று சொல்லிக் கைகுலுக்கினார்களாம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு நாவற்கொல்லைக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார்.

சடையனுக்கு வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. காலனிக்காரர்கள் உயிரோடு இருக்கும்போது பெரிய தெருவில் போகலாம், ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஓரமாகத்தான். அவருடைய கால் இப்போது நட்ட நடுவில் போனது. வைகாசியில் ஒருநாள் அது மில்லுக்காரர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டது. மில்லுக்காரரின் சம்சாரம் தையல்நாயகி காலையில் அடுப்படிக்குப் போனால், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தன் புருஷனின் வலது காலும் அதன் அருகே வெடிப்பு விழுந்த ஓர் இடது காலும் நின்றன. ஒன்றைப் போகச் சொன்னால் மற்றதும் போய்விடும். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டு, இரண்டையும் சுற்றி மாக்கோலம் போட்டுவிட்டு உலை வைத்தாள்.

“என் பொண்டாட்டி இருந்தா இதை நம்பியிருக்க மாட்டா,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார் சடையன்.

மில்லுக்காரர் சிரிக்கவில்லை. தன் பாதத்தின் மேல் சிமெண்டு ஊற்றி மெழுகினார். மறுநாள் அது காலனிக் குழாயடியில் நின்றது. கல்யாணத்துக்குச் சோறு வடிக்கிற அண்டாவைக் கவிழ்த்து மூடினார். அண்டா பட்டப்பகலில், யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து, கரகரவென்று தெருவில் போயிற்று. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தன் வலது காலுக்குத் தன் இடது காலையே ஜோடியாகக் கொடுத்துவிட்டால் அது யார் தயவிலும் நடக்க வேண்டியதில்லையே! அவர் ஜெபராஜிடம் போனார், மண் இல்லை என்றார் ஜெபராஜ். மண் மிதிப்பவள் இருசாயி. மில்லுக்காரர் சூளைக்கே வந்து, வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏ புள்ள, ஒரு ஓட்டுக்கு மண்ணு மிதிச்சுக் குடு.”

“எதுக்கு?”

“என் எடது காலுக்கு.”

இருசாயி அச்சிலிருந்து கல்லைத் தட்டி வெயிலில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “மிதிக்கிறேன். ஆனா ஒண்ணு. உங்க எடது காலு பதியிற அதே ஓட்டுல, என் வலது காலும் பதியும். சம்மதமா?”

“திமிருதான் உனக்கு!” என்று சொல்லிவிட்டு மில்லுக்காரர் போய்விட்டார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார். அவள் அதை ஆள்விட்டுக் கொடுத்தனுப்பினாள்.

ஐப்பசியில் சடையன் படுத்தார். எட்டு நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் காலை, வெயில் ஏறுகிற நேரத்தில், மகள் கையால் இரண்டு வாய்க் கஞ்சி குடித்துவிட்டு, “சொன்னது ஞாபகம் இருக்காத்தா?” என்றார்.

“இருக்குப்பா.”

“சரி,” என்றார். அதோடு போய்விட்டார்.

இருசாயி அழுதாள். ஊருக்குக் கேட்கும்படி, அடி வயிற்றிலிருந்து அழுதாள். அவள் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தவர்கள் அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாடை கட்டச் சொன்னாள். காலனிப் பெரியவர்கள் வாய்க்கால் பக்கம் போய்த் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வந்தார்கள். இடுப்புக்கு மேல்தான், போய்விடலாம் என்றார்கள்.

“எங்கப்பா தண்ணியில எறங்க மாட்டாரு,” என்றாள் இருசாயி. “நேர் தெருவுலதான் போவாரு. கூட வர்றவங்க வாங்க. வராதவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.”

எல்லாரும் வந்தார்கள். பெரிய தெருவின் முகப்பில், கலியன் கடைக்கு எதிரே பாடையை இறக்கி வைத்தபோது, தெருக்காரர்கள் மில்லுக்காரரை நடுவில் வைத்துக் கைகோத்து வரிசையாக நின்றார்கள். கலியனும் கடையை விட்டு இறங்கிவந்து அந்த வரிசையில்தான் நின்றான். போலீஸ் வேன் வந்தது. ஜெபராஜ் வந்து, கேமரா இல்லாமல், காலனிக்காரர்களோடு நின்றார்.

அந்த நேரத்தில்தான் மில்லுக்காரரின் வீட்டிலிருந்து தையல்நாயகி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். “உங்க காலு வீட்டுல இல்லீங்க! சுடுகாட்டுல நிக்குதாம்!”

மாடு மேய்க்கிறவன் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருந்தான். சடையன் கண்ணை மூடிய நேரத்துக்கு, அவருடைய இடது காலும் மில்லுக்காரரின் வலது காலும் ஜோடியாகப் புறப்பட்டுப் போய், சிதை அடுக்கும் மேட்டில், தெற்கே பார்த்து நின்றன. சுடுகாட்டுக்குப் போன கால், பிணத்தோடு போய், காரியம் முடிந்து, செத்தவர் வீட்டு வாசலில் கழுவப்பட்டால்தான் வீடு திரும்பும் என்பது நாவற்கொல்லையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிணம் இல்லாமல் தனியே போன கால் அங்கேயே நின்று, ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும். மில்லுக்காரரின் வலது உள்ளங்கால் காலையிலிருந்தே சாம்பலில் வைத்த மாதிரிச் சுட்டுக்கொண்டிருந்தது. இரண்டு ஆளைக் கடப்பாறையோடு அனுப்பினார். கடப்பாறை வளைந்தது, பாதம் அசையவில்லை.

அவர் பாடைக்கு எதிரே வந்து நின்றார். காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“என் டிராக்டரைத் தர்றேன். தார் ரோட்டுல சுத்தி எடுத்துட்டுப் போங்க. டீசல் செலவும் என்னுது.”

“வேணாம்,” என்றாள் இருசாயி.

தெருக்காரர்களோடு குசுகுசுவென்று பேசிவிட்டு மறுபடி வந்தார். “சரி, தெரு வழியாவே போங்க. மேளம் வேணாம், மாலை வேணாம், இருட்டுனதுக்கு அப்புறம் போங்க. நாங்க கதவைச் சாத்திக்கிறோம்.”

“எங்கப்பா ஒண்ணும் திருடிட்டுப் போகல. வெளிச்சத்துல போவாரு. மேளத்தோட போவாரு.”

வெயில் உச்சிக்கு ஏறியது. பாடையின் மேல் யாரோ குடை பிடித்தார்கள். மில்லுக்காரர் மூன்றாம் முறை வந்தபோது நொண்டிக்கொண்டு வந்தார். “காலனிக்குன்னு தனிச் சுடுகாடு, வாய்க்கால்ல எறங்க வேண்டாத எடத்துல, என் சொந்த நெலத்துல எழுதித் தர்றேன். இன்னைக்கே. போதுமா?”

காலனிக்காரர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லேசான விஷயமா, நிலம். இருசாயியும் ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாயைக் கட்டியிருந்தார்கள், அதனால் அவர் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று.

“அவரு எடம் கேக்கல மில்லுக்காரரே. வழி கேட்டாரு.”

வெயில் கண்ணைக் கூச, வரிசையில் நின்றவர்கள் ஒருமுறை கண்ணைக் கொட்டினார்கள், அவ்வளவுதான். திறந்து பார்த்தபோது தெருவில் பாதங்கள் வந்திருந்தன. கோயில் பக்கம் நின்றவை, குழாயடியில் நின்றவை, வயலில், குளத்தங்கரையில், யார் யார் வீட்டு அடுப்படியிலோ நின்றவை எல்லாம், ஐம்பத்தெட்டு ஜோடியும், கைகோத்து நின்றவர்களுக்குப் பின்னால், பெரிய தெரு நெடுக, சுடுகாட்டைப் பார்த்து வரிசையாக நின்றன. சாவு ஊர்வலம் எப்படிப் போகுமோ அப்படி நின்றன. தெருக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறித்து நிற்கிற ஒவ்வொருவனுடைய காலும், அவன் மறிக்கிற கோட்டுக்கு அந்தப் பக்கம், போவதற்குத் தயாராக நின்றது.

முதலில் கையை விட்டவன் கலியன். “என் காலு அங்க நிக்குது, நான் இங்க நின்னு என்னத்தப் புடுங்குறது?” என்றான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தொப்புளானின் காலோடு நின்ற தன் காலுக்குப் பின்னால் போய் நின்றான். தொப்புளான் மேளத்தை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தம் பெரிய தெருவுக்குப் புதிது. ஒருவர் போனார், இரண்டு பேர் போனார்கள், கைகோத்த சங்கிலியில் கண்ணிகள் விட்டுக்கொண்டே வந்து, கடைசியில் தெருவின் குறுக்கே மில்லுக்காரர் மட்டும், பிடிக்க யார் கையும் இல்லாமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். இருசாயி கொள்ளிச்சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு நேராக நடந்தாள். பெண் எடுக்கக் கூடாது என்று சொல்ல அன்றைக்கு ஒரு வாயும் திறக்கவில்லை. பாடை அவளுக்குப் பின்னால் எழுந்தது. மூன்று அடி தூரத்தில் அவள் நின்றாள்.

“தள்ளுறீங்களா, வர்றீங்களா?”

மில்லுக்காரர் கையை இறக்கினார். ஓரமாகத் தள்ளி நின்றார். பாடை அவரைக் கடந்து போனது. அப்புறம், கடைசி ஆளுக்கும் பின்னால், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே அவரும் போனார்.

சடையன் வெளிச்சத்தில் போனார், மேளத்தோடு போனார், முந்நூறு தப்படியும் நேராகப் போனார். தையல்நாயகி மாடியிலிருந்து ஒரு கை அரளிப்பூ போட்டாள். இருசாயி தீ மூட்டினாள்.

திரும்பி வந்தவர்கள் கால் கழுவ, சடையன் வீட்டு வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர்க் குடமும் செம்பும் வைத்திருந்தார்கள். காலனிக்காரர்கள் கழுவினார்கள், கலியன் கழுவினான், ஜெபராஜ் கழுவினார். அறுபத்தோரு வருஷத்தில் காலனிக்குள் ஒரு தடவைகூட வந்திராத மில்லுக்காரர் வரிசையின் கடைசியில் நின்று, தன் முறை வந்ததும் காலை நீட்டினார். யாராவது ஊற்றுவார்கள் என்று பழக்கத்தில் நீட்டிவிட்டார். இருசாயி செம்பை மொண்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் செம்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, தானே ஊற்றி, தானே கழுவினார். சூடு இறங்கிவிட்டது என்று தன் சம்சாரத்திடம் அன்றைக்குச் சொன்னாராம்.

மறுநாள் காலை மில்லுக்காரரின் வலது பாதம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்திருந்தது, ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. பெரிய தெருவின் முகப்பில், அவர் கையை நீட்டி மறித்த அதே இடத்தில், ஒற்றையாக நின்றது. சடையனின் கால் அதை அதுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. மற்ற ஜோடிகளெல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க, அது மட்டும் பத்து நாளாய் வெயிலிலும் மழையிலும் அங்கேயே நின்றது. போகிற வருகிற சனமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போயிற்று. பதினோராம் நாள் மில்லுக்காரர் சூளைக்கு வந்தார். குடை இல்லை.

“உங்கப்பாரு காலு போயிடுச்சு,” என்றார். அந்த மனிதர் சடையனை உங்கப்பாரு என்று சொன்னது இருசாயி காதில் விழுந்தது. அதுவரைக்கும் வெறும் சடையன்தான், அதுவும் அவர் தன்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்று தெரிந்தே. “நீ அன்னைக்குக் கேட்டியே. ஒரே ஓட்டுல. சம்மதம்.”

“வாங்க,” என்றாள் இருசாயி. “வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்குங்க.”

“எங்க?”

“குழியில. மண்ணு மிதிக்கணும்ல? இந்தத் தடவ நான் மட்டும் மிதிக்க மாட்டேன்.”

சூளையில் வேலை செய்தவர்கள் அத்தனை பேரும் அச்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். மில்லுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கினார். மண் முழங்கால்வரை வாங்கியது. அவள் எதிரே இறங்கினாள். அவருக்கு மிதிக்கத் தெரியவில்லை, குதிகாலால் குத்தினார். விரலை விரித்து, அழுத்தி, உருவி எடுக்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவரே பார்த்துப் பார்த்துச் செய்தார். உச்சி வெயில்வரை மிதித்தார்கள். ஜெபராஜ் ஓட்டுக்கான மரச்சட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். இருசாயி தன் வலது காலை மண்ணில் அழுத்தினாள். பக்கத்திலேயே, ஒரு விரற்கடைதான் இடைவெளி, மில்லுக்காரர் தன் இடது காலை வைத்தார். சிறிய கால் ஒன்று, பெரிய கால் ஒன்று. கணுக்கால்வரை மண் அப்பியிருந்ததால் யார் கால் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியவில்லை.

காலை எடுத்த பிறகு அவர் தயங்கி நின்றார். “இந்த எடது உன் வலதோடல்ல போவும். அப்ப அந்த ஒத்தைக் காலு? தெருமொனையில நிக்குதே, அதுக்கு ஒரு எடது...”

இருசாயி ஓட்டை அலுங்காமல் எடுத்து நிழலில் வைத்தாள்.

“என்கிட்ட இருக்கு. தர்றேனா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல. அது கொஞ்ச நாள் அங்கயே நிக்கட்டும். எங்கப்பா அந்தத் தெருமொனையில செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு எத்தன வருசம் நின்னாரு.”

அந்த ஓடு வெந்து வந்து, பதித்து, ஆறாம் நாள் அதிலிருந்து ஒரு ஜோடி இறங்கிப் பெரிய தெருவின் நடுவில் நடந்து போனது. இன்றைக்கும் நாவற்கொல்லைக்குப் போனால் அதை எங்கேயாவது பார்க்கலாம். தெருமுனையில் அந்த ஒற்றை வலது காலும் நிற்கிறது. மில்லுக்காரர் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார். இருசாயி தினமும் சூளைக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு, அதைக் கடந்துதான் போகிறாள். அவள் இன்னும் முடிவு பண்ணவில்லை.